இருந்தாராம் என்று எழுதட்டும்

கார்ல்ஸ்ரூஹேயில் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் தமிழ் வகுப்பு தொடங்கும். வார நாட்களில் ஜெர்மன் பாடம் நடக்கிற வகுப்பறையை இரவல் வாங்கி நடத்துகிறோம். போகும்போது நாற்காலிகளைத் தூக்கி மேசைமேல் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். பன்னிரண்டு பிள்ளைகள், ஏழு வயதிலிருந்து பத்து வயது வரை. பாதிப் பேருடைய குடும்பங்கள் யாழ்ப்பாணம், வன்னிப் பக்கத்தவை. போருக்குத் தப்பி வந்து இங்கே வேர்விட்டவர்கள். மீதிப் பேர் நெல்லை, கோவை, சென்னையிலிருந்து கணினி வேலைக்கோ ஆராய்ச்சிக்கோ வந்த பெற்றோரின் பிள்ளைகள். இந்தப் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில், பிள்ளைகளின் வீட்டுமொழி வகுப்புகளை அந்தந்த நாட்டுத் தூதரகங்கள் பொறுப்பெடுத்து நடத்துவது நெடுநாள் வழக்கம். துருக்கிய மொழிக்கும் இத்தாலிய மொழிக்கும் அப்படித்தான் நடக்கிறது. தமிழுக்குத் தூதரகம் இல்லை. பெற்றோர்தான் இருக்கிறார்கள்.

போன வருடம் ‘கதை எழுதுவோம்’ பாடத்துக்காக ஒரு தாள் தயாரித்துக்கொண்டு போனேன். மேலே, ‘ஒரு ........இல் ஒரு ........ இருந்தார்’ என்று ஒரு வரி. கீழே பத்துக் கோடுகள். தாள்கள் திரும்பி வந்தன. பதினொன்றில் ஊர், ராஜா. ஒன்றில் மட்டும் காடு, சிங்கம். கோடுகள் பெரும்பாலும் வெறுமையாக இருந்தன. எட்டு வயதுப் பெண் ஒருத்தி மட்டும் இரண்டாவது வாக்கியமும் எழுதியிருந்தாள்: “ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார். அவர் செத்துவிட்டார்.”

“ஏம்மா, அதோட நிறுத்திட்ட?” என்று கேட்டேன்.

“பிறகு என்ன நடந்தது எண்டு எனக்குத் தெரியாது ரீச்சர்.”

அவள் சோம்பேறி இல்லை. பொய் சொல்லத் தெரியாத பெண். நடந்ததை எழுதச் சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். நடந்தது அவளுக்குத் தெரியாது. சட்டென்று ஒன்று தோன்றியது. “சரி, உங்க அம்மம்மா இந்தக் கதைய எப்படிச் சொல்லுவாங்க?” என்றேன். முதுகு நிமிர்ந்தது, குரல் மாறியது. “ஒரு ஊரிலை ஒரு ராசா இருந்தாராம். அவருக்கு ஏழு பெம்பிளைப் பிள்ளையளாம்...” என்று தொடங்கியவள் ஐந்து நிமிடம் நிற்கவில்லை. ராசா சாகவும் இல்லை.

இரண்டு ராஜாக்களுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் ஓர் ‘ஆம்’. இந்தக் கட்டுரையே அந்த ‘ஆம்’ பற்றித்தான்.

‘இருந்தார்’ என்று எழுதுகிறவர் சாட்சி. பார்த்தவர் போலப் பேசியாக வேண்டும், தெரிந்தவர் போல நிற்க வேண்டும். ‘இருந்தாராம்’ என்று சொல்கிறவர் கேட்டதைக் கைமாற்றிக் கொடுக்கிறவர். எனக்கு முன்னால் ஒருவர் சொன்னார், அவருக்கு முன்னால் இன்னொருவர், இப்போது என் முறை என்று அந்த ஒட்டு சொல்லிவிடுகிறது. பொய் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்படும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய அனுமதிச் சீட்டு கிடையாது. ராஜாவுக்குக் கொம்பு முளைத்ததாம் என்றால் முளைத்ததுதான். யாரும் வந்து நிரூபிக்கச் சொல்ல மாட்டார்கள்.

இதை நாம் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதும் இல்லை. மூன்று வயதுப் பிள்ளை சமையலறையிலிருந்து ஓடிவந்து, “அப்பா, அம்மா கூப்பிடுறாங்களாம்” என்கிறது. மழை வருமாம், மாமா ஊருக்குப் போறாராம், பஸ் இன்னைக்கு ஓடாதாம் என்று நாள் முழுக்க வீட்டுக்குள் ஆம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெர்மானியப் பள்ளியில் படித்து, ஜெர்மனிலேயே கனவு காணும் எங்கள் பிள்ளைகளின் தமிழிலும் இந்த ஆம் உதிராமல் இருக்கிறது. வேற்றுமை உருபு தடுமாறும், லகர ளகர ழகரம் தடுமாறும், ஆனால் ‘வரட்டாம்’, ‘வேண்டாமாம்’ தடுமாறுவதில்லை. அப்படிப்பட்ட சொத்தைக் கதைப்பாடத்தின் வாசலில் கழற்றி வைக்கச் சொல்கிறோம். நான் பார்த்த பாடநூல்களிலும் பயிற்சி ஏடுகளிலும் அரசர்கள் ‘வாழ்ந்து வந்தார்’கள், முயல்கள் ‘வசித்து வந்தன’. வாழ்ந்து வந்தாராம் என்று எழுதியிருப்பதை அபூர்வமாகத்தான் கண்டிருக்கிறேன்.

இந்த ஊர்ப் பள்ளிகளில் பழங்கதை எழுதுவது மூன்றாம் நான்காம் வகுப்புகளில் வழக்கமாக வரும் பாடம். எங்கள் பிள்ளைகள் வாரநாட்களில் அதைச் செய்துவிட்டு வருகிறார்கள். ‘எஸ் வார் ஐன்மால்’ (முன்னொரு காலத்தில்) என்று தொடங்க வேண்டும். மூன்று, ஏழு போன்ற எண்கள் வர வேண்டும். நல்லவர் ஒருவர், கெட்டவர் ஒருவர். வினையெல்லாம் எழுத்துக்குரிய இறந்தகாலத்தில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது தென் ஜெர்மனியில் சின்ன விஷயம் இல்லை. இந்தப் பக்கத்துப் பேச்சில் ‘வந்தான்’ என்பதற்கு ‘இஸ்ட் கெகொமன்’ என்பார்கள். கதையில் எழுதும்போது மட்டும் ‘காம்’. தெருவில் காதில் விழாத அந்த வடிவம் கதைக்கென்று எடுத்து வைத்திருக்கும் பட்டுத்துணி மாதிரி. ஜெர்மன் பிள்ளைக்கே அது பள்ளிக்கூடத்தில்தான் படிந்து வருகிறது. ஆசிரியர்கள் பொறுமையாக, வாரக்கணக்கில் சொல்லிக்கொடுக்கிறார்கள். கதைக்கு என்று தனியாக ஒரு காலம் இருக்கிறது, அதைப் பிள்ளைக்குக் கொடுத்தாக வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்கும் அப்படி ஒன்று உண்டு. நம் பிள்ளைகளின் நாக்கில் ஏற்கெனவே இருக்கிறது. கற்றுக்கொடுக்கும் சிரமம்கூட இல்லாத ஒன்றை விட்டுவிடுகிறோமே என்பதுதான் என் ஆற்றாமை.

துருக்கிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவர்கள் கதை ‘பிர் வார்மிஷ், பிர் யோக்முஷ்’ என்று தொடங்கும். ஒருகால் இருந்ததாம், ஒருகால் இல்லையாம். அந்த ‘மிஷ்’ அப்படியே நம் ஆம். கேள்விப்பட்டதற்கென்று வினையிலேயே ஒட்டும் விகுதி. எங்கள் வகுப்புப் பையன் ஒருவனின் பள்ளிச் சிநேகிதன் துருக்கி வீட்டுப் பிள்ளை. இரண்டு பேரும் டிராமில் போகும்போது இதைக் கண்டுபிடித்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்கள். ஜெர்மன் பேசிக்கொண்டே போன இரண்டு பிள்ளைகள், தங்கள் இரண்டு பாட்டிகளின் மொழிகளிலும் ஒரே இடத்தில் ஒரே கதவு இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். எந்தப் பாடத்திட்டமும் அதற்குத் திட்டமிட்டிருக்க முடியாது.

அடுத்து ‘உம்’.

கதை சொல்கிறவருக்கு எதிரே உட்கார்ந்து உம் கொட்டுவது நம் ஊரில் கேட்கிறவர் செய்ய வேண்டிய வேலை. உம் நின்றால் கதை நிற்கும். தூங்கிவிட்டாயா என்று தாத்தா கேட்பார். எழுத்தில் வாக்கியத்தை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ‘அப்புறம் அப்புறம்’ என்று ஒரு பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போகும் பிள்ளைகளுக்கு நான் கொடுத்த ஒரே பயிற்சி இதுதான்: இரண்டிரண்டு பேராக உட்காருங்கள். ஒருவர் தொடக்கத்தைச் சொல்லட்டும், மற்றவர் உம் கொட்டட்டும். உம் எங்கே விழுகிறதோ அங்கே முற்றுப்புள்ளி வைத்து எழுதுங்கள். இலக்கண விதியாக ஒரு வருடம் சொல்லியும் படியாத முற்றுப்புள்ளி, இரண்டு சனிக்கிழமையில் படிந்தது. வாக்கியம் என்பது கேட்கிறவர் ஒரு தடவை தலையாட்டுவதற்குப் போதுமான சேதி என்று அவர்களுக்குக் காதால் புரிந்துவிட்டது. உம் கொட்டுகிற பிள்ளைக்கும் லாபம். எந்த இடத்தில் தனக்கு உம் வரவில்லையோ, அந்த இடத்தில் கதை ஓட்டை என்று கண்டுபிடித்துச் சொல்கிறான்.

வாயால் சொல்லிக்கொண்டே கையால் எழுதுவது நம் திண்ணைப் பள்ளியின் பழைய வழி. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க், தமிழ் கற்க ஒரு வாத்தியாரைத் தன் வீட்டுக்கே பள்ளிக்கூடம் நடத்த அழைத்து, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். ஜெர்மானியர் ஒருவர் நம் பிள்ளைகளிடமிருந்து கற்ற முறையை, முந்நூறு ஆண்டு கழித்து ஜெர்மனியில் வளரும் நம் பிள்ளைகளுக்கு நான் திருப்பித் தருகிறேன் என்று நினைக்கும்போது மனதுக்குள் ஒரு நிறைவு.

அப்புறம் ‘ஆனா’. ரஷ்ய அறிஞர் விளாதிமிர் புரோப் 1928-இல் பழங்கதைகளைப் பிரித்துப் பார்த்து எழுதிய நூலில், கதை நகர்வதற்கு முதலில் யாரோ வீட்டை விட்டுப் போக வேண்டும், ஒரு தீங்கு நேர வேண்டும், அல்லது ஏதாவது ஒரு குறை இருக்க வேண்டும் என்று காட்டினார். நம் பாட்டிகள் அதை ஒரே சொல்லில் செய்தார்கள். ராஜாவுக்கு அரண்மனை இருந்துச்சாம், ஆனை இருந்துச்சாம், அள்ளிக் குடுக்கப் பொன் இருந்துச்சாம், ஆனா ஒரு பிள்ளை இல்லையாம். அந்த ஆனாவில்தான் கதை பிறக்கிறது. பிள்ளைகளிடம் ‘சிக்கலை உருவாக்கு’ என்றால் விழிப்பார்கள். ‘ஆனா’ என்று மட்டும் நான் சொன்னால் போதும், மீதியை அவர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

இவ்வளவு சொல்லியும், ‘ஊர்’ என்ற சொல் மட்டும் அவர்களுக்குத் தூரமாகவே இருந்தது. கதையில் வரும் ஊர் அம்மம்மாவின் ஊர், ஆச்சியின் ஊர். கிணறு, பனைமரம், கோயில் உள்ள இடம். விடுமுறைக்கு மூன்று வாரம் போய்வந்த இடம். தான் இருக்கும் இடம் ஊர் இல்லை, ‘ஷ்டாட்’, அதாவது நகரம். அதில் ராஜா இருக்க மாட்டார் என்று நினைத்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ராஜாவும் புலியும் ஆலமரமும் உள்ள படங்களையே காட்டிக்கொண்டிருந்தது நான்தான்.

ஆனால் கார்ல்ஸ்ரூஹேயே ஒரு கதைத் தொடக்கம். பக்கத்து டூர்லாக்கில் ஆண்டுகொண்டிருந்த சிற்றரசர் கார்ல் வில்ஹெல்ம், ஹார்ட் காட்டுக்கு வேட்டைக்குப் போனவர் களைத்துப்போய் மரத்தடியில் தூங்கிவிட்டாராம். கனவில் சூரியன் மாதிரி ஓர் அரண்மனை, அதிலிருந்து கதிர் கதிராகத் தெருக்கள். விழித்ததும் அதையே கட்டச் சொன்னாராம். ஊர்ப்பெயருக்கு ‘கார்லின் ஓய்வு’ என்றுதான் பொருள். 1715 ஜூன் 17-இல் அடிக்கல் நாட்டினார்கள். அரண்மனைக் கோபுரத்தை நடுவில் வைத்து 32 கோடுகள் இன்றும் விசிறி விரித்தாற்போல் ஓடுகின்றன; தெற்கே போவது ஊர்த்தெரு, வடக்கே போவது காட்டுவழி. சரித்திரக்காரர்கள் வேறு காரணம் சொல்வார்கள். 1689-இல் பிரெஞ்சுப் படை டூர்லாக்கை எரித்தது, அங்கே நினைத்தபடி கட்ட முடியவில்லை, அரசர் புதிய இடம் தேடினார் என்பார்கள். அதே 1715 செப்டம்பரில், குடியேற வருகிறவர்களுக்கு மனையும் மரமும் இலவசம், அவரவர் மதத்தை அவரவர் கும்பிடலாம் என்று உறுதிப் பத்திரம் ஒன்றும் வெளியானது. எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் கூடிய ஊர் இது. அந்த ஆண்டில்தான் தரங்கம்பாடியில் சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சாகி முடிந்தது என்பது தற்செயல். ஆனாலும் வகுப்பில் சொல்லிவிட்டேன், பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது.

ஒரு சனிக்கிழமை வகுப்பறையை விட்டுவிட்டுப் பன்னிரண்டு பேரையும் அரண்மனைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனேன். சில பெற்றோரும் வந்தார்கள். கோபுரத்துக்கு நேரே நின்று தெருக்களை விரலால் எண்ணினோம். அங்கிருந்து சந்தைச் சதுக்கத்துக்கு நடந்தோம். செம்மணற்கல்லில் ஒரு பிரமிடு நிற்கிறது. 1738-இல் இறந்த அந்த அரசர் அதற்கு அடியில்தான் இருக்கிறார். தினமும் அதைக் கடந்து போகிற பிள்ளைகள், உள்ளே ஆள் இருக்கிறார் என்று அன்றுதான் கேட்டார்கள். ஏழு வயதுப் பையன் பிரமிடில் காதை வைத்துப் பார்த்தான்.

திரும்பி வந்து எழுதச் சொன்னேன். தொடக்கம் மட்டும் போதும், மூன்று வாக்கியம், முடிக்க வேண்டாம் என்றேன். ராஜாவைச் சாகவிட்ட அதே பெண், பென்சிலைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்துவிட்டு எழுதினாள்:

“ஒரு ஊரிலை ஒரு ராசா இருந்தாராம். அவருக்கு முப்பத்திரண்டு றோட்டு இருந்ததாம். ஆனா அவருக்கு நித்திரையே வரேல்லையாம்.”

ஓய்வு என்று பெயர் வைத்த ஊரில் தூங்க முடியாத ராஜா. வகுப்பு முழுக்க ஒரே குரலில் “பிறகு?” என்றது. எனக்கு மெய் சிலிர்த்தது. உம் கொட்ட வைத்துவிட்டாள். இந்த மூன்று வாக்கியங்களில் இடம் இருக்கிறது, ஆள் இருக்கிறார், குறை இருக்கிறது. அந்த ஊரில் வாழும் ஒருத்தியால் மட்டுமே சொல்ல முடிந்த குறை. தெரு முப்பத்திரண்டு என்று எண்ணியது அவள் கண், நித்திரை வரவில்லை என்று சொன்னது அவள் அம்மம்மாவின் நாக்கு. அன்றே அம்மாவின் கைப்பேசியில் அம்மம்மாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினாள். இங்கே பதினொன்றரை, யாழ்ப்பாணத்தில் பிற்பகல் மூன்று. மறுமுனையில் கேட்ட முதல் கேள்வி, “ஏன் வரேல்லையாம்?”

இப்போது பெற்றோரின் கவலைக்கு வருகிறேன், ஏனென்றால் அது நியாயமான கவலை. ‘றோட்டு’ என்று எழுதுகிறாளே, ‘ஊரிலை’ என்று எழுதுகிறாளே, இதற்கா சனிக்கிழமைத் தூக்கத்தை விட்டு வருகிறோம் என்று ஒரு தந்தை கேட்டார். எழுத்துத் தமிழ் வராவிட்டால் இந்தப் பிள்ளைகள் நாளை ஒரு தமிழ்ப் புத்தகத்தைத் திறக்க முடியாது என்று அவர் பயப்படுகிறார். நானும் பயப்படுகிறேன்.

ஜெர்மனியில் இதே வழக்கு வேறு உருவில் நடந்தது. சுவிஸ் ஆசிரியர் யூர்கன் ரைஷென், எழுதுவதன் வழியாகவே வாசிப்பைக் கற்பிக்கும் ஒரு முறையைப் பரப்பினார். பிள்ளை காதில் கேட்டபடி எழுதட்டும், பிழையைத் தொடக்கத்தில் திருத்த வேண்டாம் என்பது அதன் சாரம். பிள்ளைகள் பயமில்லாமல் எழுதினார்கள். ஆனால் பிழை இறுகிப்போகிறது என்ற எதிர்ப்பு வலுத்தது; 2016 இறுதியில் எங்கள் மாநிலக் கல்வி அமைச்சகம், திருத்தாமல் விடும் முறைகள் வேண்டாம் என்று பள்ளிகளுக்குச் சொல்லிவிட்டது. இரண்டு பக்கத்திலும் உண்மை இருப்பதாகவே நினைக்கிறேன். எனவே நான் செய்வது இது: முதல் படி காதுக்கு, இரண்டாம் படி கண்ணுக்கு. முதல் படியில் சிவப்பு மை படாது. ‘ஒரு ஊரில்’ என்பதை ‘ஓர் ஊரில்’ என்று திருத்தும் ஆசைகூடக் கூடாது. விதி சரிதான், அதற்கு நேரம் அது இல்லை. அடுத்த வாரம் அதே மூன்று வாக்கியங்களைப் பக்கத்திலேயே எழுத்துத் தமிழில் எழுதுகிறோம். “ஓர் ஊரில் ஓர் அரசர் இருந்தாராம். அவருக்கு முப்பத்திரண்டு வீதிகள் இருந்தனவாம். ஆனால் அவருக்கு நித்திரையே வரவில்லையாம்.” ஊரிலை ஊரில் ஆயிற்று, றோட்டு வீதி ஆயிற்று. ‘உறக்கம்’ என்று மாற்றலாமா என்று கேட்டேன். “நித்திரைதான்” என்று சொல்லிவிட்டாள். நித்திரையும் எழுத்துத் தமிழ்தானே, அவள் சொன்னதே நின்றது. ஆம் இரண்டு படியிலும் நின்றது. பேச்சிலிருந்து எழுத்துக்குப் போகிற பாலத்தில் அறுந்துபோகாத கயிறு அதுதான் என்பதை அந்தத் தந்தைக்குப் பக்கம் பக்கமாகக் காட்டினேன். அவர் இரண்டையும் படித்துவிட்டு, முதலாவதுதான் தன் அம்மாவின் குரலில் கேட்கிறது என்றார்.

இதே ஊரில் ஒரு பழைய வாத்தியார் இருந்தார். யோஹான் பீட்டர் ஹேபெல். 1791 முதல் இங்கே ஓர் உயர்பள்ளியில் ஆசிரியர், பிறகு அதன் தலைவர். இறையியல் படித்த அவர், 1803-இல் தன் ஊர்ப் பேச்சான அலெமானிய வழக்கில் கவிதைப் புத்தகம் வெளியிட்டார். பஞ்சாங்கத்தில் எளிய சனங்களுக்காக எழுதிய கதைகளை 1811-இல் தொகுத்தார். அவற்றில் புகழ்பெற்ற ஒன்று, சுவீடனில் சுரங்கத் தொழிலாளி ஒருவனையும் அவனுக்கு நிச்சயித்த பெண்ணையும் பற்றியது. ஊர், காலம், இரண்டு இளம் பேர், ஒரு முத்தம், கல்யாணத்துக்குக் குறித்த நாள்: தொடக்கத்தின் சில வரிகளுக்குள் எல்லாம் வந்துவிடும். அப்புறம் ஐம்பது ஆண்டு. அரண்மனைப் பூங்காவில் அவருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்குக் கி. ராஜநாராயணன் நினைவு வருகிறது. 1991-இல் சாகித்ய அகாதமி விருது பெற்றவர், புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுக்கும் பணியைச் செய்தவர், கரிசல் வழக்குக்கு அகராதி போட்டவர். சொன்னவர் வாயில் வந்த சொல்லைச் சலவை செய்யாமல் தாளுக்குக் கொண்டுவந்தார். 2021-இல் அவர் மறையும்வரை கதை கேட்கப் பிள்ளைகள் அவரிடம் போய்க்கொண்டுதான் இருந்திருப்பார்கள் என்று நினைக்கவே பிடிக்கிறது.

தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் இப்போது நல்ல காற்று அடிக்கிறது. 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், பிள்ளைகளுக்கென்று சின்னச் சின்னப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று படி வைத்துக் கொடுத்தது. அந்தப் பெயர்களே அழகு. படிக்கக் கிடைத்த பிள்ளைகளுக்கு அடுத்து எழுதக் கிடைக்க வேண்டும். அங்கே பாடநூலும் பயிற்சி ஏடும் எழுதுகிறவர்களிடமும், வெளிநாடுகளில் வார இறுதி வகுப்புகளுக்குப் பாடம் அச்சிடுகிறவர்களிடமும் நான் கேட்பது பெரிதொன்றும் இல்லை. கதைப்பாடத்தில் ‘இருந்தார்’ இருக்கும் இடத்தில் ‘இருந்தாராம்’ போடுங்கள். தொடக்கத்துக்கென்று தனியாக இரண்டு வாரம் ஒதுக்குங்கள். கதையை முடி என்று அந்த இரண்டு வாரமும் கேட்காதீர்கள். ஒரே கதைக்கு மூன்று தொடக்கம் எழுதச் சொல்லுங்கள். ‘ஊர்’ என்ற இடத்தில் பிள்ளை தன் ஊரின் பெயரை, தன் தெருவை, தன் பஸ் நிறுத்தத்தை எழுதினால் மகிழ்ந்து ஏற்றுக்கொள்ளுங்கள். அது திருவாரூராக இருக்கலாம், டொரன்டோவாக இருக்கலாம். கோடிட்ட இடத்தை நிரப்புக மட்டும் வேண்டாம். நிரப்பச் சொன்னால், நாம் எதிர்பார்ப்பதைத்தான் பிள்ளை நிரப்பும்.

தொடக்கத்தைத் திருத்தித் திருத்தி எழுதுவது பெரியவர்கள் செய்த வேலைதான். கிரிம் சகோதரர்களின் கதைத் தொகுப்பில் முதலாவதாக நிற்பது தவளை அரசன் கதை. 1812-இல் வந்த முதல் பதிப்பில், இளவரசி காட்டுக்குப் போவதில் நேரே தொடங்குகிறது. 1857-இல் வந்த ஏழாம் பதிப்பில் அந்தப் பெண் வருவதற்கு முன்பே, வேண்டியது பலித்த ஒரு பழங்காலம் வந்து நிற்கிறது, அவள் அழகைக் கண்டு சூரியனே வியக்கிறது. நாற்பத்தைந்து ஆண்டுகளில் வில்ஹெல்ம் கிரிம் அந்த வாசலை எத்தனை தடவை இழைத்திருப்பார்! இதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது, அழிப்பான் தேய்ந்துபோன ஒன்பது வயதுப் பையனுக்குத்தான் அதிக சந்தோஷம்.

அவன் நெல்லைப் பக்கத்துப் பிள்ளை. 2021 டிசம்பரில் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஓடிக்கொண்டிருந்த டிராம்களைச் சுரங்கத்துக்குள் இறக்கினார்கள். அவன் அப்போது குழந்தை. அப்பா சொல்லக் கேட்டதுதான். அவன் எழுதிய தொடக்கம்: “ஒரு ஊர்ல ஒரு மஞ்ச டிராம் இருந்துச்சாம். அது மண்ணுக்குள்ள போயிருச்சாம்.” மூன்றாவது வாக்கியத்தில் ஆனா வர வேண்டும். முதல் வாரம், ‘ஆனா அதுக்கு இருட்டுன்னா பயமாம்’ என்று எழுதினான். அடுத்த வாரம் அதை அடித்துவிட்டு, ‘ஆனா அதோட மணி மட்டும் மேலயே இருந்துச்சாம்’ என்று மாற்றினான். போன சனிக்கிழமை ‘மணி’யையும் அடித்திருந்தான். மேலே ‘நெழல்’ என்று எழுதி, அதையும் அடித்து, ஓரத்தில் பென்சிலால் சின்னதாக மறுபடி ‘மணி?’ என்று கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறான். வீட்டில் ஆச்சியிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று நோட்டை மூடிக்கொண்டு போனான்.